கிட்டார் ஆம்ப்பின் பவர் டியூப்களுக்கு பயஸ் வைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூப் (கண்ணாடிக்குள் அடைத்த வெற்றிடக் குழாய்) மாற்றினால் பயஸ் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எதைப் பார்ப்பது, எதை வைத்துப் பார்ப்பது, எவ்வளவு வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு எண் வரும். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேள்விகளை எந்த வரிசையிலும் படிக்கலாம். ஆனால் பாதுகாப்பு பற்றிய கேள்வியைத் தாண்டிக் குதித்து நேராக அளக்கும் கேள்விக்குப் போக வேண்டாம். இந்தப் பெட்டிக்குள் இருப்பது 400, 500 வோல்ட் டிசி.

பயஸ் என்றால் என்ன?

ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய டியூப்தான் பவர் டியூப். அதற்குள் சூடான கேத்தோடு எலெக்ட்ரான்களை விடுகிறது. 300 முதல் 500 வோல்ட் பாசிட்டிவில் நிற்கும் பிளேட் அவற்றை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே கம்பியால் சுற்றிய கன்ட்ரோல் கிரிட் இருக்கிறது. கேத்தோடைவிட கிரிட் எவ்வளவு நெகட்டிவாக இருக்கிறதோ, அவ்வளவு எலெக்ட்ரான்கள் தடுக்கப்படும். யாரும் வாசிக்காமல் ஆம்ப் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது டியூப் வழியே எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதை இந்த நெகட்டிவ் வோல்டேஜால் நிர்ணயிப்பதுதான் பயஸ். அப்படிச் சும்மா ஓடும் கரண்ட்டுக்கு ஐடில் கரண்ட் என்று பெயர். அது அதிகமாக இருந்தால் ஹாட் பயஸ் என்பார்கள், குறைவாக இருந்தால் கோல்ட் பயஸ்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. “பயஸைக் கூட்டு” என்று ஒருவர் சொன்னால் நெகட்டிவ் வோல்டேஜைக் கூட்டச் சொல்கிறாரா, கரண்ட்டைக் கூட்டச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

கோல்டாகவோ ஹாட்டாகவோ வைத்தால் என்ன கெட்டுவிடும்?

10 வாட்டுக்கு மேற்பட்ட கிட்டார் ஆம்ப்புகள் அநேகமாக எல்லாமே புஷ்-புல் வகை. ஒரு பக்கத்து டியூப் அலையின் மேல் பாதியைச் சுமக்கும், மறுபக்கத்து டியூப் கீழ்ப் பாதியைச் சுமக்கும். பெரிய மரத்தை இருவர் ரம்பம் போட்டு அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுத்து முடிக்கும் முன்பே மற்றவர் கைப்பிடியில் பிடிமானம் வைத்திருப்பார். அந்தப் பிடிமானம் விட்டுப்போனால் நடுவில் ரம்பம் ஒரு குலுக்குக் குலுக்கும். பயஸ் ரொம்பக் கோல்டாக இருந்தால் நடப்பது அதுதான். ஒரு டியூப் ஓய்ந்து மற்றது எழும் முன் சிறு இடைவெளி விழுகிறது. இதற்கு கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்று பெயர். காதுக்கு அது மெல்லிய கரகரப்பாகக் கேட்கும். சத்தமாக வாசிக்கும்போது எளிதில் தெரியாது. நோட் தேய்ந்து அடங்கும் கடைசிக் கட்டத்தில்தான் மணல் உரசுவதுபோல வெளியே வரும்.

ஹாட்டாக வைத்தால் ஒலி தடிக்கும், கொஞ்சம் முன்னதாகவே டிஸ்டார்ட் ஆகும். ஆனால் டியூபின் ஆயுள் குறையும். எல்லை தாண்டினால் பிளேட் செக்கச்செவேலென்று பழுக்கும். அதை அப்படியே விட்டால் டியூபோடு போய்விடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஃபிக்ஸட் பயஸ், கேத்தோடு பயஸ்: என்ன வித்தியாசம்?

ஃபிக்ஸட் பயஸில் கேத்தோடு நேராக கிரவுண்டுக்குப் போகிறது. கிரிட்டுக்கு வேண்டிய நெகட்டிவ் வோல்டேஜைத் தனியாக ஒரு சின்ன சப்ளை தயாரிக்கிறது. பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு டேப், ஒரு டயோடு, ஓரிரு கண்டென்சர்கள், சில ரெசிஸ்டர்கள், அநேகமாக ஒரு டிரிம் பொட் (திருப்பி மாற்றக்கூடிய சின்ன ரெசிஸ்டர்), இவ்வளவுதான் அதன் சாமான்கள். பெயரில் ஃபிக்ஸட் என்று இருப்பதால் மாற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்க்ரூ டிரைவரால் மாற்றக்கூடியது இந்த வகைதான். வாசிக்கும்போது அந்த வோல்டேஜ் நகராமல் நிற்பதால் இந்தப் பெயர். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப், 5எஃப்6-ஏ பாஸ்மேன், அதைப் பார்த்து 1962-இல் பிறந்த மார்ஷல் ஜேடிஎம்45, பிற்கால ஜேசிஎம்800 எல்லாம் ஃபிக்ஸட் பயஸ்.

கேத்தோடு பயஸில் தனி சப்ளை கிடையாது. கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிடுவார்கள். டியூபின் கரண்ட் அதன் வழியே போகும்போது கேத்தோடு சில வோல்ட் பாசிட்டிவாக உயர்கிறது. கிரிட் பூஜ்யத்திலேயே நிற்பதால் கேத்தோடை ஒப்பிட்டால் அது நெகட்டிவ். டியூப் அதிகம் இழுத்தால் கேத்தோடு இன்னும் உயர்ந்து கரண்ட்டைத் தானே அடக்கிவிடும். ஃபெண்டர் சாம்ப், ட்வீட் டீலக்ஸ் 5ஈ3, வாக்ஸ் ஏசி15, ஏசி30 எல்லாம் இந்த வகை.

ஒலியில் இது என்ன செய்கிறது என்று பார்க்க ஃபெண்டரின் இரண்டு டீலக்ஸ்களை அருகருகே வையுங்கள். 5ஈ3-இல் இரண்டு 6வி6 பவர் டியூப், டீலக்ஸ் ரிவெர்பிலும் இரண்டு 6வி6. முதலாவது கேத்தோடு பயஸ், பிளேட் வோல்டேஜும் குறைவு. 12, 15 வாட்டுக்குள் அடங்கிவிடும். இரண்டாவது ஃபிக்ஸட் பயஸ், பிளேட் 400 வோல்ட்டைத் தாண்டும், 22 வாட். 5ஈ3-இல் ஓங்கி ஒரு கார்டு அடித்தால் கரண்ட் எகிறும், கேத்தோடு வோல்டேஜ் ஏறும், டியூப் கொஞ்சம் கோல்டாகும், பிறகு நோட் மெல்ல மறுபடி எழும். அமுங்கி எழும் அந்தச் சுபாவத்துக்காகவே ஆட்கள் அதைத் தேடுகிறார்கள். டீலக்ஸ் ரிவெர்பில் அடித்தது அடித்தபடி வரும், பேஸ் கெட்டியாக நிற்கும். என்னைக் கேட்டால், இந்த வேறுபாட்டுக்கு முன்னால் டிரிம் பொட்டை 3 மில்லி ஆம்பியர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்புவது ஒன்றுமே இல்லை.

என் ஆம்ப் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்கீமாட்டிக் (சர்க்யூட் படம்) கிடைத்தால் பவர் டியூபின் கேத்தோடைப் பாருங்கள். 6எல்6, ஈஎல்34, 6வி6 மூன்றிலும் அது 8-ஆவது பின். ஈஎல்84-இல் 3-ஆவது. அங்கே பெரிய வாட் ரெசிஸ்டரும் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரும் இருந்தால் கேத்தோடு பயஸ். நேராக கிரவுண்டுக்கோ 1 ஓம் ரெசிஸ்டருக்கோ போனால் ஃபிக்ஸட். இரண்டும் கலந்ததும் உண்டு: 1968 வாக்கில் வந்த சில சில்வர்ஃபேஸ் (வெள்ளி நிற முன்பலகை) ஃபெண்டர்களில் நெகட்டிவ் சப்ளையும் இருக்கும், கேத்தோடில் 150 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும்.

ப்ரீஆம்ப் டியூப் மாற்றினாலும் பயஸ் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். கிட்டாரின் சிறு சிக்னலை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன டியூப்கள் தங்கள் கேத்தோடு ரெசிஸ்டரால் தாங்களே பயஸ் ஆகிக்கொள்ளும். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகுங்கள், போதும்.

70 சதவீதம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஒவ்வொரு பவர் டியூபின் பிளேட்டும் இவ்வளவு வாட் வெப்பத்தைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதி வைத்திருப்பார். 6எல்6ஜிசி 30 வாட், ஈஎல்34 25 வாட், ஈஎல்84 12 வாட், பழைய 6வி6ஜிடி 12 வாட். ஃபிக்ஸட் பயஸில் ஓடும் கிளாஸ் ஏபி (ஒவ்வொரு டியூபும் அலையின் பாதிக்கு மேல் ஓடி, மீதியில் ஓய்ந்திருக்கும் வகை) ஆம்ப்பில், சும்மா இருக்கும்போது அந்த எல்லையில் 70 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நடைமுறை விதி. வாசிக்கத் தொடங்கினால் வெப்பம் இன்னும் ஏறும், அதற்காக விடப்பட்ட இடம்தான் மீதி 30.

கணக்கு எளிது. வாட் எல்லையை 0.7-ஆல் பெருக்கி, பிளேட் வோல்டேஜால் வகுத்தால் ஐடில் கரண்ட் வரும்.

6எல்6ஜிசி, பிளேட்டில் 440 வோல்ட் என்றால்: 30 × 0.7 = 21 வாட். 21 ÷ 440 = 0.0477 ஆம்பியர், அதாவது சுமார் 48 மில்லி ஆம்பியர்.

ஈஎல்34, 450 வோல்ட்: 17.5 ÷ 450, சுமார் 39 மில்லி ஆம்பியர்.

6வி6, 410 வோல்ட்: 8.4 ÷ 410, சுமார் 20 மில்லி ஆம்பியர்.

இந்த எண்களைப் பார்த்ததும் எல்லோரும் பொட்டை அதே எண்ணுக்குத் திருப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். 70 என்பது கூரை. அங்கே போய்த்தான் நிற்க வேண்டும் என்று எந்த டியூபும் கேட்கவில்லை. 55-க்கும் 65-க்கும் நடுவே பெரும்பாலான ஃபெண்டர், மார்ஷல் ஆம்ப்புகள் நன்றாகவே பேசும், டியூபும் நீண்ட நாள் வரும். 50-இல் வைத்துக் கேளுங்கள், 60-இல் வைத்துக் கேளுங்கள். காதுக்கு வேறுபாடு தெரியவில்லை என்றால் குறைந்ததிலேயே விட்டுவிடுங்கள்.

கேத்தோடு பயஸ் ஆம்ப்புக்கும் அதே 70தானா?

இல்லை. அங்கே 90, 100 சதவீதம் வரை ஓடுவது சகஜம். சத்தம் கூடும்போது கரண்ட் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வதால் ஐடிலிலேயே மேலே வைத்துவிடுகிறார்கள்.

5ஈ3-ஐயே எடுத்துக்கொள்வோம். இரண்டு 6வி6-க்கும் பொதுவாக ஒரு 250 ஓம் ரெசிஸ்டர். அதன் மேல் 20 வோல்ட் நிற்கிறது என்று வையுங்கள். 20 ÷ 250 = 80 மில்லி ஆம்பியர், ஒரு டியூபுக்கு 40. இதில் சுமார் 2 மில்லி ஆம்பியர் ஸ்கிரீனுக்கு (கன்ட்ரோல் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே உள்ள இன்னொரு கிரிட்) போகும். மீதி 38. பிளேட் கிரவுண்டிலிருந்து 350 வோல்ட் என்றால் டியூப் உணர்வது 330தான், ஏனென்றால் கேத்தோடே 20 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. இந்தக் கழித்தலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 330 × 0.038 = 12.5 வாட். எல்லையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது.

ஏசி30 இன்னும் துணிச்சல்காரன். நான்கு ஈஎல்84-க்கும் சேர்த்து 50 ஓம். அதன் மேல் 10 வோல்ட் இருந்தாலே மொத்தம் 200 மில்லி ஆம்பியர், டியூபுக்கு 50. ஸ்கிரீனுக்கு 5 கழித்து 45 என்று வைத்தாலும் 300 வோல்ட்டில் 13.5 வாட் ஆகிறது. 12 வாட் டியூப் அது. ஏசி30 ஏன் டியூப் தின்கிறது என்ற புகாருக்கு விடை இந்த ஒரு வரிக் கணக்கில் இருக்கிறது. அது கிளாஸ் ஏ (டியூப் அலை முழுவதும் ஓயாமல் ஓடும் வகை) என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. முழுச் சத்தத்தில் அது ஹாட்டாக பயஸ் வைத்த கிளாஸ் ஏபிதான்.

என் ஆம்ப்பின் ஸ்கீமாட்டிக்கில் கிரிட்டில் மைனஸ் 52 வோல்ட் என்று இருக்கிறது. அதையே வைத்துவிட்டால் போதுமா?

போதாது. ட்வின் ரிவெர்பின் ஏபி763 என்ற சர்க்யூட்டின் ஸ்கீமாட்டிக்கில் மைனஸ் 52 என்று இருப்பது உண்மை. அது அந்தக் காலத்து அமெரிக்க 6எல்6ஜிசி-யை மனத்தில் வைத்துப் போட்ட எண். இன்று ஸ்லோவாக்கியாவிலோ ரஷ்யாவிலோ சீனாவிலோ செய்த இரண்டு 6எல்6-களுக்கு அதே மைனஸ் 52 கொடுத்தால் ஒன்று 25 மில்லி ஆம்பியரும் மற்றது 40-ம் இழுக்கலாம். வோல்டேஜ் நீங்கள் கையில் பிடித்துத் திருப்பும் கருவி. டியூபைச் சுடுவது கரண்ட். ஆகவே அளக்க வேண்டியது கரண்ட். கிரிட்டில் நெகட்டிவ் வோல்டேஜ் வருகிறதா என்று டியூப் செருகுவதற்கு முன் பார்ப்பது மட்டும் நல்ல பழக்கம்.

உள்ளே கை வைக்கும் முன் என்ன பாதுகாப்பு?

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்ட்டர் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். சில ஆம்ப்புகளில் தானே வடிந்துவிடும், சிலவற்றில் வடியாது. வடிந்திருக்கும் என்று நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். வடிக்க ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையைக் கிளிப்பால் சாசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) பிடித்து, மறுமுனையை உறை போட்ட கம்பியால் கண்டென்சரின் பாசிட்டிவில் சில விநாடிகள் வைத்தால் அமைதியாக இறங்கும். இறங்கியதை மறுபடி மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

ஓடும் ஆம்ப்பில் அளக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னாலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை ஆம்ப் அணைந்திருக்கும்போதே கிளிப்பால் சாசிஸில் மாட்டிவிட்டால் ஒரு கை போதும். காலில் செருப்பு இருக்கட்டும், மோதிரமும் செயினும் கழன்று மேசை மேல் இருக்கட்டும். மீட்டர் 1000 வோல்ட் டிசி தாங்கும் என்று எழுதியிருப்பதாக இருக்க வேண்டும். நூறு ரூபாய் மஞ்சள் மீட்டருக்கு இது இடமில்லை. எர்த் பின்னை வெட்டிய பவர் கார்டு என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஸ்பீக்கரையோ அதற்குச் சமமான லோடையோ மாட்டாமல் டியூப் ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டக்கூடாது. இதையெல்லாம் படித்து ஒரு தயக்கம் வந்தால், அந்தத் தயக்கத்துக்கு மரியாதை கொடுத்து ஆம்ப்பைத் தெரிந்தவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஐடில் கரண்ட்டை அளக்க எத்தனை வழி இருக்கிறது? எது நல்லது?

நான் சிபாரிசு செய்வது 1 ஓம் ரெசிஸ்டர். ஒவ்வொரு பவர் டியூபின் கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்து விடுவது. அதன் மேல் 1 மில்லி வோல்ட் காட்டினால் 1 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள், வேறு கணக்கே வேண்டாம். அளக்கும் இடத்தில் வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் கை தவறினாலும் பெரிய ஆபத்து இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான். 5 சதவீத ரெசிஸ்டர் போட்டால் அளவிலும் 5 சதவீதப் பிசகு வரும், அதனால் 1 சதவீதமே கேளுங்கள்.

இதில் ஒரு குறை: கேத்தோடில் ஓடுவது பிளேட் கரண்ட்டும் ஸ்கிரீன் கரண்ட்டும் சேர்ந்த தொகை. 6எல்6ஜிசி-யின் தரவுத்தாளில் 250 வோல்ட்டில் பிளேட்டுக்கு 72 மில்லி ஆம்பியர், ஸ்கிரீனுக்கு 5. ஈஎல்34-இல் பிளேட்டுக்கு 100, ஸ்கிரீனுக்கு 15. ஆகவே ஈஎல்34-இல் கழிக்காமல் விட்டால் உண்மையில் இருப்பதைவிட ஹாட்டாக இருப்பதாகத் தோன்றும். பிசகுவது பத்திரமான பக்கம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை.

பயஸ் ப்ரோப் என்பது அதே 1 ஓம் ரெசிஸ்டரை ஒரு சாக்கெட் அடாப்டருக்குள் வைத்து விற்பது. டியூபைப் பிடுங்கி, அடாப்டரைச் செருகி, அதன் மேல் டியூபைச் செருகினால் மீட்டருக்கு வயர் வெளியே வந்துவிடும். சாசிஸைக் கழற்ற வேண்டாம் என்பது இதன் வசதி. சிலவற்றில் பிளேட் வோல்டேஜையும் சேர்த்துக் காட்டும். டியூப் தலைகீழாகத் தொங்கும் ஃபெண்டர் காம்போக்களில் அடாப்டரின் உயரமும் சேர்ந்துகொள்வதால் டியூபைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரிங் எட்டாது. நழுவி விழாமல் ஒரு கண் வையுங்கள்.

மூன்றாவது வழி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ரெசிஸ்டன்ஸை வைத்துக் கணக்கிடுவது. ஆம்ப்பை அணைத்து, வடித்து, சென்டர் டேப்பிலிருந்து (வைண்டிங்கின் நடு இணைப்பு) ஒவ்வொரு பிளேட்டுக்கும் எத்தனை ஓம் என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் 45, மறுபக்கம் 52 என்று வரலாம், சமமாக இருக்காது. பிறகு ஓட்டி, அதே இரு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை வோல்ட் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 45 ஓமில் 1.8 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். ஸ்கிரீன் கலக்காத சுத்தமான பிளேட் கரண்ட் இது. ஆனால் செம்பு சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம். டிரான்ஸ்ஃபார்மர் 20 டிகிரி சூடேறினால் கணக்கு 8 சதவீதம் விலகும். மீட்டரின் இரு முனைகளும் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்பதையும் மறக்க வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் ஷன்ட் என்று இன்னொரு பழைய முறை. மீட்டரை ஆம்பியரில் வைத்து சென்டர் டேப்புக்கும் பிளேட்டுக்கும் நடுவே நேராகப் போட்டுவிடுவது. கரண்ட் எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு மீட்டர் வழியே பாயும். வேகமானது, அளவும் சரியாக வரும். முனை நழுவி சாசிஸைத் தொட்டால் முழு ஹை வோல்டேஜும் ஷார்ட். இதை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்.

ஆசிலாஸ்கோப் வைத்திருப்பவர்கள் 1 கிலோ ஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்து, டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதிலான ரெசிஸ்டர்) பார்த்து, நடுவில் உள்ள கிராஸ்ஓவர் நாட்ச் என்ற சிறு பள்ளம் மறையும் வரை பயஸை ஏற்றுவார்கள். பார்க்க அழகான முறை. ஆனால் ஆம்ப்பில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டு டிஸ்டார்ஷனைக் குறைக்கும் ஏற்பாடு) இருந்தால் அந்த நாட்சை அது மறைத்துவிடும், பிளேட் எத்தனை வாட்டில் ஓடுகிறது என்று ஸ்கோப் சொல்லாது. ஸ்கோப்பில் பார்த்த பிறகும் மில்லி ஆம்பியரைப் பாருங்கள்.

சரி, ஃபிக்ஸட் பயஸ் ஆம்ப்பில் ஆரம்பம் முதல் முடிவு வரை எப்படிச் செய்வது?

வால்யூம் எல்லாம் பூஜ்யம், ஸ்பீக்கர் மாட்டியாயிற்று. புது டியூபைச் செருகும் முன் பயஸ் பொட்டை மிகக் கோல்டான பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள், அதாவது கிரிட்டில் நெகட்டிவ் அதிகமாக இருக்கும் பக்கம். டியூபைச் செருகி ஆன் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிளேட் வோல்டேஜை அளந்து எழுதுங்கள். 1 ஓமின் மேல் மில்லி வோல்ட்டைப் பாருங்கள். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்.

இப்போது பொட்டை மெல்லத் திருப்புங்கள். கரண்ட் ஏறும்போது பிளேட் வோல்டேஜ் இறங்கும். 450 இருந்தது 438 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும். பழைய வோல்டேஜை வைத்துக்கொண்டு புதுக் கரண்ட்டைப் பெருக்குவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிசகு. வேண்டிய இடத்துக்கு வந்ததும் இருபது நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். புது டியூப் சில நாள் ஓடிய பிறகு நகரக்கூடும், அப்போதும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை.

ஹாட் ராட் டீலக்ஸில் 60 மில்லி வோல்ட் என்கிறார்கள். அது டியூபுக்கு 60 மில்லி ஆம்பியரா?

இல்லை. அந்த ஆம்ப்பில் ஃபெண்டரே 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு, டிபி30 என்று சோதனைப் புள்ளியும் விட்டிருக்கிறது. ஆனால் இரண்டு டியூபுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். 60 மில்லி வோல்ட் என்றால் ஆளுக்கு 30 மில்லி ஆம்பியர். 420 வோல்ட்டில் 12.6 வாட், 6எல்6-இன் எல்லையில் 42 சதவீதம். கோல்டான பக்கம்தான். பலர் 70 மில்லி வோல்ட் வரை ஏற்றிக்கொள்கிறார்கள், அதில் தவறில்லை. ஒரு டியூப் 45-ம் இன்னொன்று 15-ம் இழுத்தாலும் இந்தப் புள்ளியில் அதே 60தான் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேட்ச்டு பேர் வாங்கியே ஆக வேண்டுமா?

மேட்ச்டு பேர் என்பது ஒரே அளவு கரண்ட் இழுக்கும்படி பொறுக்கிச் சேர்த்த ஜோடி. புஷ்-புல் ஆம்ப்புக்கு வாங்குவது நல்லது. இரு பக்கமும் சமமாக இழுத்தால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் டிசி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஹம் குறையும். 4, 5 மில்லி ஆம்பியர் வேறுபாடு இருந்தால் குடி முழுகிவிடாது. சிலருக்கு அந்தச் சமமின்மையின் ஒலியே பிடிக்கிறது. சாம்ப் போன்ற ஒற்றை டியூப் ஆம்ப்பில் இந்தப் பேச்சே இல்லை.

சில்வர்ஃபேஸ் ஃபெண்டர் பலவற்றில் உள்ள பொட் மொத்த பயஸை மாற்றாது, இரு பக்கத்தையும் சமன்படுத்த மட்டுமே செய்யும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு கரண்ட் குறையவே இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு இதுதான் காரணம்.

மெஸா பூகியில் பொட்டே காணோமே?

வேண்டுமென்றே வைக்கவில்லை. பயஸ் வோல்டேஜை ஃபேக்டரியிலேயே நிலையாக்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் டியூப்களை மட்டும் பொறுக்கி, நிறக் குறியிட்டு விற்பது அவர்கள் வழி. டியூப் மாற்ற யாரிடமும் போக வேண்டாம் என்பது இதில் லாபம், வெளியில் வாங்கும் டியூப் எங்கே போய் உட்காரும் என்று தெரியாதது நஷ்டம். வெளி டியூப் போட்டால் ப்ரோப் வைத்து ஒருமுறையாவது பாருங்கள்.

இதுபோல மாற்றிக்கொள்ள வழியில்லாத ஆம்ப்பில் பொட் ஒன்றைச் சேர்ப்பது சின்ன வேலைதான். சேர்ப்பவர், பொட்டின் நடுக்கால் என்றாவது தொடர்பு விட்டுப்போனால் பயஸ் கோல்டான பக்கம் ஓடும்படி வயரிங் செய்ய வேண்டும். மாறாகச் செய்தால் ஒரு தூசி போதும், நான்கு டியூபும் ஒரே இரவில் பழுத்துவிடும்.

6எல்6-க்குப் பதில் ஈஎல்34 போடலாமா?

பயஸ் மட்டும் பிரச்சினை என்றால் போட்டுவிடலாம். ஈஎல்34-இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் கேட்கும், 6எல்6 0.9தான். நான்கு டியூப் என்றால் 2.4 ஆம்பியர் கூடுதல், டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஈஎல்34-இன் 1-ஆவது பின்னை 8-ஆவது பின்னோடு இணைக்கவும் வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் விற்ற மார்ஷல்களில் ஈஎல்34-க்குப் பதில் 6550 போட்டுத்தான் அனுப்பினார்கள். பயஸ் சப்ளையின் ரெசிஸ்டர்களையும் அதற்கேற்ப மாற்றியிருந்தார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால், உள்ளே பார்க்காமல் ஈஎல்34-ஐச் செருக வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்பை ஸ்டெப்-டவுனில் ஓட்டுகிறேன். பயஸ் மாறுமா?

மாறும். நம் ஊரில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் பெரும்பாலும் 220-க்கு 110, அதாவது பாதி. சுவரில் 230 இருந்தால் ஆம்ப்புக்கு 115. ராத்திரி 250 ஏறினால் 125. பிளேட் வோல்டேஜ் அதே விகிதத்தில் நகரும், ஃபிக்ஸட் பயஸ் சப்ளையும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதால் கூடவே நகர்ந்து ஓரளவு ஈடு கட்டும். முழுதாக ஈடு கட்டாது. சுவரில் எத்தனை வோல்ட் என்று முதலில் அளந்து, அதையும் பயஸ் எண்ணோடு சேர்த்து ஒரு சீட்டில் எழுதி கேபினட்டுக்குள் ஒட்டிவிடுங்கள்.

வோல்டேஜ் கூடுவதைவிடக் குறைவது கவனிக்க வேண்டியது. 200-க்கு இறங்கினால் ஆம்ப்புக்கு 100தான் கிடைக்கும், 6.3 வோல்ட் ஹீட்டர் 5.25-க்குப் போய்விடும். தொடர்ந்து அப்படி ஓடினால் கேத்தோடுக்கு நல்லதில்லை. வோல்டேஜ் ஆடும் ஏரியா என்றால் ஸ்டெப்-டவுனுக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள்.

ஒரு டியூப் மட்டும் சிவக்கிறது. என்ன செய்ய?

உடனே அணையுங்கள். ஆறிய பிறகு அந்த டியூபையும் மறுபக்கத்து டியூபையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். சிவப்பு டியூபோடு போனால் டியூப் கெட்டது. அதே சாக்கெட்டில் நின்றால் ஆம்ப்பில் கோளாறு. இரண்டாவது என்றால் டியூபைக் கழற்றிவிட்டு கிரிட் பின்னில் நெகட்டிவ் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மைனஸ் 45, மறுபக்கம் மைனஸ் 20 என்றால் ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து (சிக்னலை இரு பக்கத்துக்கும் எதிரெதிராகப் பிரித்துக் கொடுக்கும் கட்டம்) வரும் கப்ளிங் கண்டென்சர் டிசி-யைக் கசியவிடுகிறது; அதை மாற்றுங்கள். வோல்டேஜே இல்லை என்றால் கிரிட்டுக்குப் போகும் ரெசிஸ்டரோ சாக்கெட்டின் பிடிமானமோ விட்டுப்போயிருக்கும். எல்லா டியூபும் சேர்ந்து சிவந்தால் பயஸ் சப்ளையே படுத்துவிட்டது. பழைய ஆம்ப்பில் முதல் சந்தேகம் அங்குள்ள சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் மேல்தான்.

கண்ணாடியின் உட்புறத்தில் தெரியும் நீல ஒளியைச் சிவப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது நல்ல டியூபிலும் வரும். நடுவில் உள்ள உலோகப் பாகங்களுக்கு இடையே ஊதா நிறத்தில் புகைபோல நின்றால்தான் உள்ளே காற்று போயிருக்கிறது என்று அர்த்தம்.

என் பிரின்ஸ்டன் ரிவெர்பில் அளவு நிலையாக நிற்காமல் ஏறி இறங்குகிறது. மீட்டர் கெட்டதா?

ட்ரெமொலோ (சத்தத்தை அலை அலையாக ஏற்றி இறக்கும் எஃபெக்ட்) ஓடுகிறது. அந்த ஆம்ப் பவர் டியூப்களின் பயஸையே ஆட்டித்தான் ட்ரெமொலோவை உண்டாக்குகிறது. ஃபுட்ஸ்விட்சால் அணைத்து, இன்டென்ஸிட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அளங்கள். அளந்த பிறகு ட்ரெமொலோவைப் போட்டு ஒருமுறை கேளுங்கள். பயஸ் ரொம்ப ஹாட்டாக இருந்தால் அலை ஆழமாக இறங்காது, அப்போது கொஞ்சம் கோல்டாக்கினால் சரியாகிவிடும்.